மலைக்குக் கணவர் பெயர், இவருக்கு ஓர் எழுத்து: கடற்கரையைச் செம்பில் வரைந்த மேரி நிம்மோ மோரன் யார்?

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெயரை எப்படிப் போடுவீர்கள்? முழுப் பெயரா, இனிஷியலா? நம்மில் பலர் இதை ஒரு விஷயமாகவே யோசித்திருக்க மாட்டோம். ஆனால் 1881இல் ஒரு பெண் தன் பெயரை ஒரே எழுத்தாகச் சுருக்கிப் போட்டார். லண்டனில் ஒரு பெரிய கலைச் சங்கத்தின் கதவு அவருக்குத் திறந்தது. திறந்தவர்களுக்கு, உள்ளே வருவது ஒரு பெண் என்று தெரியாது என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் கதை.

அந்தப் பெண் மேரி நிம்மோ மோரன். ஸ்காட்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, நியூயார்க் அருகே ஒரு கடற்கரை கிராமத்தின் குளம், புதர், மணல், அந்தி வானம் இவற்றையே திரும்பத் திரும்பச் செம்புத் தகட்டில் வரைந்தவர். சுமார் 70 எச்சிங்குகள்தான் அவரது மொத்த உழைப்பு. ஆனால் தன் காலத்தில் அமெரிக்காவின் முன்னணி எச்சிங் கலைஞர்களில் ஒருவராக அவர் பேசப்பட்டார். பிறகு கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் மறக்கப்பட்டார்.

ஏன் பேசப்பட்டார், ஏன் மறக்கப்பட்டார், இன்று ஏன் திரும்பவும் பேசுகிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த மேரி?

1842இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்தேவன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஆர்ச்சிபால்ட் நிம்மோ ஒரு நெசவாளி. அம்மா இறந்த பிறகு, அப்பா குழந்தைகளோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பிலடெல்ஃபியா அருகே கிரெசென்ட்வில் என்ற இடத்தில் குடியேறினார்கள்.

அந்தப் பகுதியில் இன்னொரு புலம்பெயர்ந்த குடும்பமும் இருந்தது. இங்கிலாந்தின் போல்டன் நகரிலிருந்து வந்த மோரன் குடும்பம். அவர்களும் நெசவுத் தொழிலில் இருந்து வந்தவர்கள்தான். அந்த வீட்டுப் பையன்களில் பலர் ஓவியர்கள் ஆனார்கள். அவர்களில் தாமஸ் மோரனிடம் மேரி ஓவியம் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். 1860களின் தொடக்கத்தில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மூன்று குழந்தைகள்: பால், மேரி, ரூத்.

தாமஸ் மோரன் யார் என்று அமெரிக்கர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். 1871இல் ஹேடன் தலைமையிலான அரசு ஆய்வுக் குழுவோடு யெல்லோஸ்டோன் பகுதிக்குப் போய் அங்கிருந்த வெந்நீர் ஊற்றுகளையும் பள்ளத்தாக்குகளையும் வரைந்து வந்தவர். அவரது ஓவியங்களும், அதே குழுவில் போன வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த புகைப்படங்களும் அந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலு சேர்த்தன. 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது. அதே ஆண்டு அவரது பிரம்மாண்ட ஓவியம் ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. வயோமிங் மாநிலத்தில் ஒரு மலைக்கு ‘மவுண்ட் மோரன்’ என்று அவர் பெயரே வைத்தார்கள். உயரம் 12,000 அடிக்கு மேல்.

கணவர் மலைகளைத் தேடிப் போன மாதங்களில் மேரி வீட்டில் இருந்தார். வீடு, குழந்தைகள், செலவுக் கணக்கு. அவரும் எண்ணெய் வண்ணத்திலும் நீர் வண்ணத்திலும் வரைந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் ‘தாமஸ் மோரனின் மனைவி, அவரும் வரைவார்’ என்ற அளவில்தான் கதை நின்றிருக்கும், 1879 வராமல் இருந்திருந்தால்.

1879இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு தாமஸ் மறுபடி மேற்கு நோக்கிக் கிளம்பினார். தன் பெயர் கொண்ட மலை இருக்கும் டீட்டன் மலைத்தொடரை அவர் தூரத்திலிருந்து பார்த்ததே அந்தப் பயணத்தில்தான். கிளம்பும் முன் சில செம்புத் தகடுகளில் மெழுகு பூசி, வரைவதற்குத் தயார் செய்து மேரியிடம் கொடுத்தார். ‘நான் வருவதற்குள் முயன்று பார்’ என்பது போல.

மேரி அந்தத் தகடுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில், புஷ்கில் ஓடைப் பாலம் போன்ற இடங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, நேரடியாகத் தகட்டிலேயே கீறினார். காகிதத்தில் ஸ்கெட்ச் போட்டு வீட்டுக்கு வந்து நகல் எடுக்கும் வேலையே இல்லை. எதிரே இயற்கை, கையில் ஊசி, மடியில் செம்பு.

அந்த முதல் முயற்சிகளை நியூயார்க் எச்சிங் கிளப்புக்கு அனுப்பினார்கள். அந்த கிளப் 1877இல் தொடங்கியது. மேரி உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஊசியைக் கையில் எடுத்து ஓராண்டு ஆகியிருக்கலாம், அவ்வளவுதான்.

சரி, எச்சிங் என்றால் என்ன?

பாத்திரக் கடையில் குடமோ தட்டோ வாங்கினால், கடைக்காரரே ‘பேர் வெட்டித் தரவா?’ என்று கேட்பார். சின்னக் கருவியை வைத்துக் கடகடவென்று நம் பெயரைப் பொறித்துத் தருவார். அது உலோகத்தை நேரடியாக வெட்டும் முறை. கை அழுத்தம்தான் எல்லாம்.

எச்சிங்கில் உலோகத்தை வெட்டுவது கை இல்லை, ஆசிட்.

வேலை எப்படி நடக்கும்? இப்படி:

1. வழுவழுப்பாகத் தேய்த்த செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின் மேல், ஆசிட் ஊடுருவாத மெழுகுக் கலவையை மெல்லிய படலமாகப் பூசுவார்கள்.

2. அந்தப் படலத்தின் மேல் ஊசியால் வரைவார்கள். மெழுகு மட்டும்தான் கீறப்படும். கீறிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். பேனாவால் எழுதுவது போலக் கை சுலபமாக ஓடும்.

3. தகட்டை ஆசிட்டில் போடுவார்கள். மெழுகு இருக்கும் இடத்தை ஆசிட் தொடாது. கீறல் இருக்கும் இடத்தை மட்டும் அரிக்கும். நேரம் கூடக் கூடக் கோடு ஆழமாகும்.

4. மெல்லிய கோடாகவே இருக்க வேண்டிய இடங்களை இடையில் எடுத்து, வார்னிஷ் தடவி மூடிவிடுவார்கள். மீதியை மறுபடி ஆசிட்டில் விடுவார்கள். தூரத்து வானம் ஒரு முறையோடு நின்றுவிடும், பக்கத்துப் புதர் மூன்று நான்கு முறை அரிபடும்.

5. மெழுகைத் துடைத்துவிட்டு, தகடு முழுக்க இங்க் பூசி, மேல்பரப்பில் இருப்பதைத் துணியால் துடைத்து எடுப்பார்கள். பள்ளமான கோடுகளுக்குள் இருக்கும் இங்க் மட்டும் தங்கும்.

6. ஈரக் காகிதத்தை மேலே வைத்து, உருளை பிரஸ்ஸில் அழுத்தி ஓட்டுவார்கள். காகிதம் கோடுகளுக்குள் இறங்கி இங்க்கை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் ஒரு மெல்லிய அழுத்தத் தடமாகப் பதியும். அசல் எச்சிங்கை அடையாளம் காண அந்தத் தடம் ஒரு நல்ல குறிப்பு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பை யோசித்துப் பாருங்கள். ஸ்டாம்பில் எழுத்து தலைகீழாக இருந்தால்தான் காகிதத்தில் நேராக வரும். தகட்டிலும் அதே கதைதான். கண்ணால் பார்த்ததை அப்படியே செம்பில் வரைந்தால், அச்சில் இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிவிடும். வெளியில் உட்கார்ந்து நேரடியாக வரைகிறவர் ஒன்று இதை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லை மனத்துக்குள்ளேயே காட்சியைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும். பெயரைக்கூடத் திருப்பித்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, இங்கே ‘அண்டூ’ பட்டன் கிடையாது. தப்பான கோட்டைத் தேய்த்து எடுக்கலாம், ஆனால் அது பெரிய வேலை. ஆசிட் எவ்வளவு நேரம் என்பதில் ஒரு நிமிடம் தவறினாலும் மென்மையான வானம் கறுத்துப்போகும். அதனால்தான் நேரடியாக வெளியில் உட்கார்ந்து வரைந்த மேரியின் துணிச்சலை அன்றைய கலை உலகம் கவனித்தது.

ஏன் திடீரென்று எல்லாரும் எச்சிங் செய்தார்கள்?

எச்சிங் புதிய கலை இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ரெம்பிராண்ட் அதன் உச்சத்தைத் தொட்டுவிட்டார். பிறகு அது மெல்ல நகல் எடுக்கும் தொழிலாகச் சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் ஓவியர்கள் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். காரணம் எளிது. அப்போது புகைப்படம் வந்துவிட்டது. ஒரு காட்சியை அச்சு அசலாகப் பதிவு செய்ய கேமரா போதும். அப்படியானால் கலைஞரின் கைக்கு என்ன வேலை? ‘இந்தக் கோட்டில் என் கை தெரிகிறது’ என்று சொல்ல எச்சிங் ஒரு வழியாக இருந்தது.

இன்னொரு காரணம் விலை. ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். பெரிய ஓவியம் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பம்கூட, கலைஞர் கையெழுத்திட்ட ஓர் அசல் படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். 1880களில் அமெரிக்காவில் எச்சிங் வாங்குவது ஒரு டிரெண்டாகவே ஆனது.

பெண்களுக்கு இதில் ஒரு தனி வாசல் கிடைத்தது. அரங்கு முழுக்க நிறையும் ஓவியத்துக்குப் பெரிய ஸ்டூடியோ வேண்டும், நீண்ட பயணம் வேண்டும். எச்சிங் தகடோ கைப்பைக்குள் அடங்கும். அதற்காக ஆசிட்டும் பிரஸ்ஸும் சுலபமான வேலை என்று அர்த்தமில்லை. ஆனால் வீட்டை விட்டு மாதக்கணக்கில் போக முடியாத ஒருவர், தன் தெருக்கோடியிலேயே செய்யக்கூடிய தீவிரமான கலையாக அது இருந்தது.

ஏன் அந்தக் கடற்கரை?

நியூயார்க் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர். லாங் ஐலண்ட் என்ற நீளமான தீவின் கிழக்குக் கோடியில் ஈஸ்ட் ஹாம்ப்டன். இன்று அது அமெரிக்கக் கோடீஸ்வரர்களின் கோடைகால முகவரி. மோரன் குடும்பம் அங்கு போகத் தொடங்கிய 1870களின் இறுதியில் நிலைமையே வேறு. 1648இல் உருவான பழைய விவசாய, மீன்பிடி கிராமம். மரக் காற்றாலைகள், வாத்துகள் நீந்தும் ஊர்க்குளம், மேய்ச்சல் புல்வெளி. ரயில் அந்த ஊருக்கு வந்ததே 1895இல்தான்.

அந்த நிலத்தின் அமைப்பையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளணும். பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து உருவான தீவு அது. மலை கிடையாது. நிலம் தட்டையாக ஓடி அட்லாண்டிக் கடலில் முடியும். கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் மணல் திட்டு, அதற்கு உள்ளே தேங்கி நிற்கும் குளங்கள், உப்பு நீர் சதுப்பு நிலங்கள், காற்றில் வளைந்த குட்டை மரங்கள்.

தாமஸ் வரைந்த மேற்கு அமெரிக்காவில் எல்லாமே பெரியது. அருவி, பாறை, பள்ளத்தாக்கு. இங்கே அப்படி ‘வாவ்’ சொல்ல வைக்கும் ஒன்றுகூட இல்லை. மேரிக்கு அதுதான் சரியாக இருந்தது. அடிவானம் தாழ்வாக இருப்பதால் வானத்துக்கு நிறைய இடம். குளத்தில் அந்த வானம் இன்னொரு முறை. நடுவில் கறுப்பாக ஒரு மரக்கூட்டம். வெள்ளைக் காகிதம், கறுப்பு இங்க் இரண்டை மட்டும் வைத்து வேலை செய்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

1884இல் மோரன் குடும்பம் அங்கேயே ஒரு ஸ்டூடியோ வீடு கட்டியது. இடித்த கட்டடங்களிலிருந்து வாங்கி வந்த ஜன்னல்கள், மரச் சாமான்களை எல்லாம் சேர்த்துக் கட்டிய விநோதமான வீடு. வாசலுக்கு எதிரே ஊர்க்குளம். மேரி பல முறை பார்த்த, வரைந்த அதே ‘கூஸ் பாண்ட்’, அதாவது வாத்துக் குளம்.

படங்களில் எதைப் பார்க்கணும்?

அவரது முக்கியமான எச்சிங்குகள் சிலவற்றின் பெயர்களைப் பார்த்தாலே அவர் எங்கே நின்றார் என்று தெரியும். ‘ட்வைலைட், ஈஸ்ட் ஹாம்ப்டன்’ 1880. ‘த கூஸ் பாண்ட்’ 1881. ‘கார்டினர்ஸ் பே’ 1884. கஸ்தூரி எலி வாழும் சதுப்பைத் தலைப்பிலேயே வைத்த ‘த ஹான்ட் ஆஃப் த மஸ்க்ராட்’டும் அதே 1884.

1883இல் செய்த ஒரு புகழ்பெற்ற படத்துக்கு ஸ்காட்லாந்து வட்டாரப் பேச்சிலேயே தலைப்பு வைத்தார். அந்தியும் இருட்டும் சந்திக்கிற, மாடுகள் வீடு திரும்புகிற நேரத்தைச் சொல்லும் தலைப்பு. வரைந்தது அமெரிக்கக் கடற்கரை. பெயர் வைத்தது சின்ன வயதில் விட்டுவந்த ஊரின் மொழியில். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒரு புது இடத்தைப் பார்த்ததும் ‘அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே’ என்று சொன்ன அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும்.

இந்தப் படங்களை ஃபோனில் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கோட்டின் தடிமன். ‘பெண்கள் வரைந்தால் மென்மையாக இருக்கும்’ என்று அன்று எதிர்பார்த்தார்கள். மேரியின் கோடு தடித்தது, வேகமானது. புதரை இலை இலையாக வரைய மாட்டார். ஊசியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, அந்தக் கோடுகளை ஆசிட்டில் ஆழமாக அரிக்க விடுவார். பக்கத்தில் பார்த்தால் கிறுக்கல். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் காற்றில் ஆடும் செடி.

இரண்டு, வெறுமை. வானத்தில் பல இடங்களில் கோடே இருக்காது. துடைக்கும்போது தகட்டின் மேல் வேண்டுமென்றே மெல்லியதாக விட்டுவைக்கும் இங்க் படலம் மட்டும் அந்தி வெளிச்சமாக மாறும். சில சமயம் துடைத்து முடித்த தகட்டை மெல்லிய துணியால் மறுபடி லேசாக வருடுவார்கள். கோடுகளுக்குள் இருக்கும் இங்க் சற்றே வெளியே கசிந்து, விளிம்புகள் மங்கி, இருட்டுகிற நேரம் போலவே தெரியும்.

மூன்று, கலவை. ஆசிட்டை மட்டும் நம்பி அவர் நிற்கவில்லை. பல் சக்கரம் போன்ற ரூலெட் கருவி, உப்புத்தாள், நேரடியாகச் செம்பைக் கீறும் டிரைபாயிண்ட் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் தகட்டின் மேல் முயன்றார். டிரைபாயிண்டில் கீறலின் ஓரத்தில் செம்பு பிசிறு பிசிறாக எழும்பி நிற்கும். அந்தப் பிசிறில் இங்க் மாட்டிக்கொண்டு, கோடு வெல்வெட் போலக் கறுப்பாகும்.

லண்டனில் ஏமாந்தது யார்?

இப்போது 1881க்குத் திரும்புவோம். லண்டனில் சீமோர் ஹேடன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், எச்சிங் மீது கொண்ட ஆர்வத்தால் ‘சொசைட்டி ஆஃப் பெயிண்டர் எச்சர்ஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் அதற்கு ‘ராயல்’ பட்டமும் சேர்ந்தது. 1881இல் ஹேனோவர் கேலரியில் அவர்கள் நடத்திய முதல் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்தும் படங்கள் போயின. மேரியின் படங்களும் அதில் இருந்தன.

அந்தக் கண்காட்சியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஃபிராங்க் டுவெனெக் என்ற அமெரிக்கக் கலைஞரின் வெனிஸ் நகரப் படங்களைப் பார்த்த ஹேடன் தரப்பினருக்கு ஒரு சந்தேகம். ‘இவை விஸ்லர் வரைந்த மாதிரி இருக்கின்றன. அவர் பொய்ப் பெயரில் அனுப்பியிருக்கிறாரோ?’ என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள். விஸ்லர் வேறு யாருமில்லை, ஹேடனின் மைத்துனர். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலம் அது. கடைசியில் டுவெனெக் உண்மையான ஆள்தான் என்று தெரிந்து அவமானமானது.

இவ்வளவு துப்பறிந்தவர்களுக்கு ‘எம்’ என்ற எழுத்தின் பின்னால் மேரி இருப்பார் என்று தோன்றவே இல்லை. எச்சிங் செய்கிறவர், அதுவும் இவ்வளவு அழுத்தமான கோட்டோடு, ஆணாகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். சங்கத்தின் தொடக்க உறுப்பினர்கள் 65 பேரில் ஒரே பெண்ணாக மேரி சேர்ந்தது இப்படித்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நம்ம ஊரில் இனிஷியல் என்றால் பெரும்பாலும் அப்பா பெயர். நம் பெயர் முழுசாக இருக்கும், அப்பா ஓர் எழுத்தாக முன்னால் நிற்பார். மேரி செய்தது நேர் எதிர். ‘எம். நிம்மோ மோரன்’ என்பதில் கணவரின் குடும்பப் பெயர் முழுசாக இருக்கிறது. நெசவாளி அப்பாவின் நிம்மோவும் முழுசாக இருக்கிறது. ஓர் எழுத்தாகச் சுருங்கியது அவரது சொந்தப் பெயர் மட்டும்தான். பெண் என்று காட்டிக்கொடுக்கும் ஒரே வார்த்தையும் அதுதான்.

அவர் அதைத் தந்திரமாகச் செய்தாரா, வழக்கமாகச் செய்தாரா என்பது இங்கே பெரிய கேள்வி இல்லை. அந்த ஓர் எழுத்து போனதும் படத்தைப் படமாக மட்டும் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தபோது அவர் தேர்வானார். இன்றைக்கு நிறுவனங்கள் ரெஸ்யூமில் பெயரை மறைத்து ஆள் எடுக்கலாமா என்று விவாதிக்கின்றன, இல்லையா? அதற்கு 140 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் உதாரணம் இது.

உண்மை தெரிந்த பிறகும் பாராட்டு நிற்கவில்லை. ஆனால் பாராட்டிய விதத்தைப் பாருங்கள். அவரது கோடு ‘ஆண்மை மிக்கது’ என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஒரு பெண் நன்றாகச் செய்தால் ‘ஆம்பளை மாதிரி செய்றா’ என்று சொல்லும் பழக்கம் எந்த நாட்டுக்கும் புதிதில்லை போல.

பிறகு என்ன ஆனது?

அடுத்த பத்தாண்டு அவருடைய காலம். 1887இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், அமெரிக்கப் பெண் எச்சிங் கலைஞர்களுக்கு மட்டுமான ஒரு கண்காட்சியை நடத்தியது. அங்கே அச்சுக்கலைப் பிரிவைக் கவனித்த எஸ்.ஆர். கோலர் அதைத் தொகுத்தார். 1888இல் அது விரிவாக்கப்பட்டு நியூயார்க்கின் யூனியன் லீக் கிளப்பில் நடந்தது. ஆண்கள் மட்டுமே உறுப்பினராக முடிந்த ஒரு கிளப்பின் சுவர்கள் முழுக்கப் பெண்களின் படங்கள். இரண்டிலும் மேரியின் படங்களுக்கு முக்கிய இடம் இருந்தது.

1889இல் நியூயார்க்கின் கிளாக்னர் நிறுவனம் தாமஸ், மேரி இருவரின் எச்சிங்குகளுக்கும் சேர்த்து ஒரு முழுப் பட்டியல் வெளியிட்டது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

அதற்குள் சந்தையே சரியத் தொடங்கிவிட்டது. டிரெண்ட் ஆன எல்லாவற்றுக்கும் நடக்கிறதுதான் எச்சிங்குக்கும் நடந்தது. வியாபாரிகள் ஏராளமாக அச்சடித்துத் தள்ளினார்கள். தரம் குறைந்த நகல்கள் குவிந்தன. ‘கலைஞரின் கை’ என்ற மதிப்பே போனது. 1890களில் எச்சிங் மோகம் அடங்கியது. அதை மட்டுமே தன் முக்கிய ஊடகமாக வைத்திருந்த மேரியின் பெயரும் கூடவே மங்கியது. தாமஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவரிடம் மலைகள் இருந்தன, மலைக்கு அவர் பெயர் இருந்தது.

1899இல் மகள் ரூத்துக்கு டைபாய்டு வந்தது. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். கூடவே இருந்து பராமரித்த மேரிக்கும் காய்ச்சல் தொற்றியது. மகள் பிழைத்தார். அம்மா அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று இறந்தார். வயது 57. ஈஸ்ட் ஹாம்ப்டன் ஊர்க்குளத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1926இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இறந்த தாமஸும் அங்கேயே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று ஏன் பேசுகிறோம்?

1970களுக்குப் பிறகு கலை வரலாற்றாளர்கள் ஒரு எளிய கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள்: ‘பெண் கலைஞர்கள் எங்கே போனார்கள்?’ கிடங்குகளின் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தபோது, படங்கள் எல்லாம் அங்கேயேதான் இருந்தன. 1988இல் அட்லாண்டாவின் ஹை மியூசியத்தில், எச்சிங் மறுமலர்ச்சிக் காலத்து அமெரிக்கப் பெண்களைப் பற்றித் தனிக் கண்காட்சி நடந்தது. மேரி மறுபடி பேச்சுக்கு வந்தார்.

அந்த ஸ்டூடியோ வீட்டின் கதையும் இதே மாதிரிதான். 1965இல் அது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனபோது தாமஸ் மோரனின் வீடாகத்தான் அறியப்பட்டது. இடிந்துவிழும் நிலைக்குப் போன அந்த வீட்டை உள்ளூர் வரலாற்றுச் சங்கம் பழுதுபார்த்து 2018இல் திறந்தது. இப்போது அதன் பெயரில் தாமஸோடு மேரி நிம்மோ மோரனும் இருக்கிறார். ஓர் எழுத்தாக இல்லை, முழுப் பெயராக.

இந்தக் கதையைத் ‘திறமை இருந்தால் உலகம் தானாகக் கண்டுகொள்ளும்’ என்று முடிக்க முடியாது. அவர் திறமையை உலகம் கண்டுகொண்டது, பிறகு மறந்தும் விட்டது. எதை வரைந்தோம் என்பதைப் போலவே, எந்த ஊடகத்தில் வரைந்தோம், பெயரை யார் எழுதி வைத்தார்கள், இழுப்பறையை யார் திறந்தார்கள் என்பதும் சேர்ந்துதான் ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய இடங்களுக்குப் போனால்தான் பெரிய வேலை செய்ய முடியும் என்று நாம் நினைக்கிறோம். மேரிக்குக் கிடைத்தது வாசலுக்கு எதிரே ஒரு குளம், மாலையில் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் ஆண்டுக்கணக்காகப் பார்த்தார்.

எங்கே பார்க்கலாம்?

ஓக்லஹோமா மாநிலம் துல்சாவில் உள்ள கில்கிரீஸ் அருங்காட்சியகத்தில் மோரன் குடும்பத்தின் படைப்புகள் பெரிய அளவில் உள்ளன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம், நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் ஆகியவற்றின் இணையதளங்களில் ‘மேரி நிம்மோ மோரன்’ என்று ஆங்கிலத்தில் தேடினாலே படங்கள் வரும். ஃபோனின் வெளிச்சத்தைக் கூட்டி, இரண்டு விரலால் ஜூம் செய்து, முதலில் புதரைப் பாருங்கள். பிறகு ஜூமைக் குறைத்து வானத்தைப் பாருங்கள்.

ஒரு மூலையில் சின்னதாக ஒரு கையெழுத்து இருக்கலாம். அதைத் தேடிப் படியுங்கள். அந்த ‘எம்’ எதன் சுருக்கம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.